பெரியவர்கள் மட்டும் கப்பலில் போக: கொச்சியா, சென்னையா, சிங்கப்பூரா?

வடசேரி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் வெளிநாட்டில். நாலைந்து நாள் கப்பலில் போய் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. விடியுமுன் எழுப்பி, வேனில் ஏற்றி, ஒரே நாளில் ஆறு இடம் காட்டுகிற டூர் இனி எங்களுக்கு ஒத்துவராது. பெட்டியை ஒரு அறையில் வைத்தால் திரும்பி வரும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. வேலை பார்த்த காலம் முழுக்க எட்டாம் வகுப்பு பி பிரிவின் சத்தத்தில் இருந்தவள் நான். கப்பலிலும் நீச்சல் குளத்தைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாட்டு என்றால் வீட்டிலேயே இருந்துவிடுவேன். பெரியவர்கள் மட்டும் போகிற கப்பல் உண்டா? அவருக்குப் பிரஷரும் முழங்கால் வலியும், எனக்குச் சர்க்கரை. ஒரு டிராவல்ஸில் விசாரித்தோம். "எல்லாம் அடங்கும் மேடம்" என்கிறார்கள். எது எதெல்லாம் என்று கேட்டால் மறுபடியும் "எல்லாம்" என்கிறார்கள். போய் வந்தவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

டீச்சர், நான் அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் அறை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

பெரியவர்கள் மட்டும் போகும் கப்பல் உண்டு. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் என்ற கம்பெனிகள் இரண்டிலும் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்ற மாட்டார்கள். பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் ஆர்கேடியா, அரோரா என்று இரண்டு கப்பல்கள் அப்படி. ஆனால் இவை பெரும்பாலும் ஐரோப்பா, கரீபியன் பக்கம் ஓடுபவை. அங்கே போய்ச் சேரும் விமானச் செலவும் விசா அலைச்சலும் கப்பல் டிக்கெட்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

நமக்குக் கைக்கெட்டுவது இரண்டு. ஒன்று, கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ். மும்பை, கொச்சி, சென்னையிலிருந்து சீசனைப் பொறுத்துக் கிளம்பும். 1990-ல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் இறங்கிய கப்பல். இன்றைய கணக்குக்குச் சின்னது. இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஜெண்டிங் ட்ரீம், ராயல் கரீபியன் கப்பல்கள். அவை மிகப் பெரியவை. எல்லாவற்றிலும் குழந்தைகள் வருவார்கள்.

காலண்டரைப் பார்த்து டிக்கெட் எடுத்தால் பாதிச் சத்தம் குறையும். சிங்கப்பூரில் பள்ளிக்கூடத்துக்கு ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியவும் விடுமுறை. மார்ச் நடுவில் ஒரு வாரம். நம் ஊரில் ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸ். சீனப் புத்தாண்டு வாரத்தையும் விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் இரண்டு ராத்திரிப் பயணம் இன்னொரு தினுசு: குழந்தைகள் கொஞ்சம் குறைந்தாலும், கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக்கு வரும் இளவட்டங்கள் விடிய விடிய டிஜே போட்டு ஆடுவார்கள். வாரத் தொடக்கத்தில் கிளம்பி நாலு ராத்திரி போவதில் உங்கள் வயதுக்காரர்கள் அதிகம். ராயல் கரீபியனின் பல கப்பல்களில் சொலேரியம் என்று 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு பகுதி உண்டு. சாய்வு நாற்காலியில் புத்தகம் வாசிக்க அதைவிட நல்ல இடம் கப்பலில் இல்லை.

குலசேகரம்_ரப்பர்

பேரப்பிள்ளைகள் இல்லாமல் கப்பலில் போய் என்ன செய்ய? நாங்கள் குடும்பமாகப் பதினோரு பேர் போனோம். பிள்ளைகள் கிளப்பில் பிள்ளைகள், பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில். யாருக்கும் யாராலும் தொந்தரவில்லை. டீச்சர் கோபிக்க வேண்டாம், உள்ளதைச் சொன்னேன்.

வடசேரி_டீச்சர்

கோபமில்லை சார். உங்கள் பேரப்பிள்ளைகள் ஓடிவந்து குதித்த குளத்தில் யாரோ ஒரு டீச்சர் உட்கார்ந்திருப்பாரே, அவரை நினைத்துக்கொண்டேன்.

பார்வதிபுரம்_ஆடிட்டர்

"எல்லாம் அடங்கும்" என்பதற்கு நான் பதில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் தொகை ஒரு ஆளுக்கு உரியது. அதுவும் ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினால். அதில் அறை, பொது உணவகச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், குளம், உடற்பயிற்சிக் கூடம் அடங்கும். துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, கப்பல் ஊழியர்களுக்கென்று தினமும் போடும் சேவைக் கட்டணம் மூன்றும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் வரும். மது, பாட்டில் குளிர்பானம், சில கப்பல்களில் நல்ல காப்பிகூடத் தனிக் காசு. வைஃபை தனி. தனி உணவகங்களில் சாப்பிட்டால் தனி. கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் டூர் தனி.

இதற்கு மேல் நம் ஊர்க் கணக்கு. நாகர்கோவிலிலிருந்து துறைமுகம் போய்ச் சேரும் செலவு, முந்தின நாள் ராத்திரி லாட்ஜ், விசா, இன்சூரன்ஸ். முந்தின நாளே போவது ஆடம்பரமில்லை. கப்பல் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கும் முன்பாகவே வாசலை அடைத்துவிடுவார்கள். களியக்காவிளை தாண்டிப் பாலராமபுரத்தில் வண்டி நகராமல் நின்றதென்று கேப்டனிடம் சொல்லிப் பயனில்லை. கொச்சிக்கு ரயிலில் ஆறேழு மணி நேரம். அன்றைக்குக் காலையில் கிளம்பி அன்றைக்கே கப்பல் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் போடும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். இரண்டு பேர் டிக்கெட்டையும் ஒருவர் பான் எண்ணில் போட்டுவிடுகிற ஏஜென்ட்டுகள் உண்டு, அதையும் கேளுங்கள். கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையிலேயே பற்று எழுதுவார்கள். முதல் நாளே உங்கள் வங்கி அட்டையில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் விடுபட நாள் ஆகும், கிரெடிட் கார்டு கொடுங்கள். அப்புறம், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். இவ்வளவையும் கூட்டிவிட்டு, அதே பணத்துக்கு நல்ல ஹோட்டலில் எத்தனை நாள் தங்கலாம் என்று ஒரு முறை பாருங்கள். அதற்குப் பிறகும் கப்பல்தான் வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள்.

தூத்தூர்_வள்ளம்

காசு கொடுத்துக் கடலைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் எங்கள் கரையில் சிரிப்பார்கள். சரி, போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். கடலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் கொச்சிப் பக்கம் ஏறாதீர்கள். கச்சான் காற்று பிடித்து அடிக்கிற நேரம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. அது மீன் பெருகுவதற்காகப் போட்டது. ஆனால் அந்த மாதங்களில் கடல் எப்படி நிற்கும் என்று நீரோடியிலும் இரையுமன்துறையிலும் அலை வீட்டுக்குள் ஏறியவர்களைக் கேட்டால் தெரியும். கப்பல்காரர்களுக்கும் இது தெரியும். அந்த எம்ப்ரஸ் கப்பல் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் சென்னைக்கு வருகிறது. தென்மேற்குக் காற்றுக்கு நிலம் மறைவாக நிற்பதால் சென்னைக் கரையோரம் அந்த நேரத்தில் அத்தனை மோசமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் காலம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தது எந்தக் கடல் வழியாக, எத்தனை வேகத்தில் என்று எங்கள் ஊர்களில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். தை, மாசி, பங்குனி இரண்டு பக்கமும் கடல் நன்றாக இருக்கும்.

அறையைப் பற்றி. கப்பலின் நீளத்தில் நடுவில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் அதை எடுங்கள். எங்கள் படகிலும் அணியத்தில், அதாவது முன்முனையில், உட்கார்ந்திருப்பவன்தான் முதலில் வாந்தி எடுப்பான். காசு அதிகம் என்பதால் மேல்தட்டு முன்பக்க அறை நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டம் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று, சென்னையிலிருந்து கொச்சிக்கோ மும்பைக்கோ போகிற கப்பல் பாம்பன் பக்கம் வராது. சேதுக்கடலில் ஆழம் போதாது. இலங்கையைத் தெற்கே சுற்றித்தான் வரும். கரையே தெரியாத நாள் அதில் அதிகம். அது பிடித்தால் ஏறுங்கள்.

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. பெரிய கப்பலில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி இறக்கைகளை நீருக்குள் நீட்டுவார்கள். அது பக்கவாட்டு ஆட்டத்துக்குத்தான் உதவும். முன்பின்னாகத் தூக்கிப் போடுவதற்கு அவ்வளவாக உதவாது.

டிக்கெட் எடுக்கும்போது "கேரண்டி" அறை என்று விலை குறைத்துக் கொடுப்பார்கள். அறை வகை மட்டும் உறுதி, எந்த அறை என்பதைக் கம்பெனி தீர்மானிக்கும். தலைசுற்றல் பயம் உள்ளவர்கள் அதை எடுக்க வேண்டாம். எண் போட்டு அறை எடுத்து, கப்பலின் தட்டு வரைபடத்தில் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே டிஜே தளம், கீழே நாடக மேடை என்றால் தூக்கம் போச்சு. மேலேயும் கீழேயும் அறைகளாக இருந்தால் நல்லது.

தக்கலை_மருந்துக்கடை

தலைசுற்றல் மாத்திரை பற்றி யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கேட்டு வாங்குவது அவோமின், ஸ்டுஜெரான். இரண்டும் வாந்தி வந்த பிறகு போட்டால் அதிகம் பயனில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். இரண்டும் தூக்கம் தரும், மதுவோடு சேரக் கூடாது. ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தாலோ, கண் அழுத்தம் இருந்தாலோ அவோமின் வேண்டாம். நடுக்குவாதம் உள்ளவர்களுக்கு ஸ்டுஜெரான் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போடாமல் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரில் ஒரு நாள் போட்டுப் பார்த்து, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொண்டு போவதும் நல்லது.

டீச்சருக்கு: மருந்து முழுவதும் கைப்பையில். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகிவிடும். மருந்துச் சீட்டு மருந்தின் மூலப் பெயரோடு இருக்கட்டும், கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இன்சுலின் என்றால் அறைக் குளிர்பெட்டியை நம்ப வேண்டாம். பானத்தைக் குளிர வைப்பதற்கான பெட்டி அது. கப்பல் மருத்துவ மையத்தில் முன்கூட்டியே கேட்டால் வைத்துக்கொள்ள வழி சொல்வார்கள். பிரஷர்காரருக்கு எதிரி பஃபேதான். ஊறுகாய், சூப், சாஸ், பதப்படுத்திய இறைச்சி எல்லாவற்றிலும் உப்பு.

கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் இலவசமில்லை, நம் ஊர் மெடிக்ளெய்ம் அட்டையை நீட்டிப் பயனும் இல்லை. கப்பல் பயணத்தைச் சேர்த்த டிராவல் இன்சூரன்ஸ் எடுங்கள். பிரஷர், சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்துவிட்டு நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில்.

கருங்கல்_அக்கா

நடுவில் புகுந்து கேட்கிறேன். அவர் போனபிறகு நான் எங்கேயும் போனதில்லை. மகளிடம் சொன்னால் "தனியாகப் போக வேண்டாம்மா, நாங்கள் லீவில் வரும்போது எல்லாரும் போகலாம்" என்கிறாள். அந்த லீவு வரவே மாட்டேன் என்கிறது. தனியாள் கப்பலில் போனால் இரண்டு பேர் காசு கேட்பார்களா? சாப்பாட்டு மேசையில் யாரோடு உட்கார்வது? ஊரில் என்ன பேசுவார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்வதிபுரம்_ஆடிட்டர்

அக்கா, கேட்பார்கள். அறைக் கணக்கு இரண்டு ஆளுக்கு என்பதால் தனியாளிடம் கிட்டத்தட்ட இரட்டிப்பு வாங்குவது வழக்கம். துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான். நார்விஜியன் கம்பெனி 2010-ல் இறக்கிய எபிக் கப்பலில் தனியாளுக்கென்றே சின்ன அறைகள் வைத்தது, பிறகு மற்றவர்களும் பின்பற்றினார்கள். நம் பக்கம் ஓடுகிற கப்பலில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வழி: பால்கனி அறையில் ஒரு ஆள் பங்குக்கு என்ன விலையோ, ஜன்னல் இல்லாத உள்ளறையைத் தனியாக எடுத்தால் என்ன விலையோ, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில தேதிகளில் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

அக்கா, பயப்படவே வேண்டாம். தனியாக வரும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் கப்பலில் பாதிப் பேரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய உணவகத்தில் "மற்றவர்களோடு சேர்ந்த மேசை" என்று கேளுங்கள். முடிந்தால் நேரம் நிர்ணயித்த முறையை எடுங்கள்: தினமும் அதே மேசை, அதே முகங்கள், பரிமாறுகிறவருக்கும் உங்கள் பழக்கம் தெரிந்துவிடும்.

அறை எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். சாவி அட்டையில் எண் அச்சிடாமல் இருப்பதே அதற்காகத்தான். ராத்திரி கதவின் உள்தாழ்ப்பாளைப் போடுங்கள். உள்ளறையில் விளக்கணைத்தால் பகலா ராத்திரியா என்று தெரியாது. தூக்கம் நன்றாக வரும், ஆனால் இருட்டுப் பயம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லாரும் போகணும். போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கவனியுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது அன்று ஏறிய பல பயணிகளுக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புமுன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம் என்று விதியை இறுக்கினார்கள். உங்கள் கூடுமிடம் எது, அறையிலிருந்து படிவழியாக அங்கே எப்படிப் போவது என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்பக் கூடாது.

குலசேகரம்_ரப்பர்

சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்லலாம் என்று யாரும் சொல்லவில்லையே? யூடியூபில் பார்த்தேன், ரிசப்ஷனில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்களாம். அமெரிக்கக் கம்பெனிகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16-லிருந்து 20 டாலர் வரை. பதினோரு பேருக்குப் போட்டுப் பாருங்கள். நான் எடுக்கச் சொல்லிவிட்டு, நன்றாகக் கவனித்தவர் கையில் கொஞ்சம் கொடுத்தேன். அதில் என்ன தப்பு?

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

தப்பு என்ன என்று நான் சொல்கிறேன் சாரே.

உங்கள் அறையைத் துடைத்த பையனை நீங்கள் பார்த்தீர்கள், அவன் கையில் கொடுத்தீர்கள். உங்கள் படுக்கை விரிப்பைக் கீழ்த்தட்டில் துவைத்தவனைப் பார்த்தீர்களா? பாத்திரம் கழுவியவனை? பல கம்பெனிகளில் அந்தத் தொகை இவர்களுக்கும் பிரிந்து போகிறது. நீங்கள் எடுக்கச் சொன்னால் கம்பெனி முதலாளி வீட்டில் அடுப்பு அணையாது.

வேலை நேரத்துக்குச் சர்வதேசச் சட்டம் இருக்கிறது. 2006-ல் போட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு நாளில் ஓய்வு 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, ஒரு வாரத்தில் 77 மணிக்குக் குறையக் கூடாது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு வேலை வாங்கலாம் என்று தெரியும். ஆறிலிருந்து ஒன்பது மாத ஒப்பந்தம். அதில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது நீங்கள் இறங்கிச் சுற்றுவீர்கள். நாங்கள் அறையைத் துடைத்து முடித்தால் இறங்கி, வீட்டுக்கு ஒரு போன் பண்ணிவிட்டு ஓடிவருவோம்.

குலசேகரம்_ரப்பர்

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை தம்பி. என் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்குக் கூலியை நான்தான் கொடுக்கிறேன், ரப்பர் ஷீட் வாங்குகிற வியாபாரியிடம் போய் "வெட்டினவருக்கு ஏதாவது போடுங்கள்" என்று நான் கேட்பதில்லை. கம்பெனி ஒழுங்கான சம்பளம் கொடுத்துவிட்டு, அதை டிக்கெட்டிலேயே ஏற்றிச் சொல்லட்டும். பயணியையும் தொழிலாளியையும் ஏன் முட்டவிட வேண்டும்?

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. கம்பெனி அப்படிச் செய்கிற நாள் வரும்வரை ரிசப்ஷன் பக்கம் போகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். டிக்கெட் எடுக்கும்போதே முன்கூட்டிக் கட்டிவிடலாம், பிறகு கண்ணில் படாது. டாலர் ஏறினாலும் கவலையில்லை. சில ஆசியக் கம்பெனிகளில் அது கட்டாயம், எடுக்கவே முடியாது.

இதைப் படிக்கிற நம் ஊர்ப் பையன்களுக்கு ஒன்று. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவனிடம் போகாதீர்கள். அதே உடன்படிக்கைப்படி வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சிடிசி என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம், மெடிக்கல் செலவுதான் உங்களுடையது. ஏஜென்ட்டுக்குக் கப்பல் துறை இயக்குநரகம் ஆள் எடுப்பதற்குக் கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

தூத்தூர்_வள்ளம்

நானும் ஒன்று கேட்கணும். ஆயிரக்கணக்கான ஆள் போகிற கப்பலின் கழிவு எங்கே போகிறது? 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 முழுகியபோது வெள்ளைக் குருணை மாதிரி பிளாஸ்டிக் எங்கள் கரைவரை வந்து ஒதுங்கியது. பொறுக்கி முடியவில்லை.

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

அது சரக்குக் கப்பல் அண்ணாச்சி. ஆனாலும் கேள்வி நியாயம். மார்போல் என்ற சர்வதேச விதிப்படி பிளாஸ்டிக்கைக் கடலில் எங்கேயும் போடக் கூடாது. சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். பெரிய கப்பல்களில் சுத்திகரிப்பு நிலையமே உண்டு, குப்பை பிரிப்பதற்கென்று ஒரு தளமும் ஆட்களும் உண்டு. நான் இருந்த இடத்தில் தப்பாக ஒரு ஸ்ட்ரா போட்டால்கூடச் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுவார். எல்லாக் கப்பலிலும் அப்படியா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

ஆளூர்_பயணி

சிங்கப்பூரிலிருந்து போய் வந்தவன் நான். டீச்சர் வீட்டுக்காரரின் முழங்கால் என்ற ஒரு வார்த்தையை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கப்பல் எல்லா ஊரிலும் துறைமுக மேடையில் ஒட்டி நிற்காது. சில இடங்களில் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆளை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். லட்சத்தீவு அப்படி. புக்கெட்டில் பாதோங் கடற்கரைக்கு முன்னால் நிற்கும் கப்பல்களும் அப்படி. அலை இருந்தால் படகு மேலும் கீழும் போகும், அந்த நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இதற்கு ஊரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் படகில் இருவரும் ஒரு முறை ஏறி இறங்குங்கள். யாரும் தூக்கிவிடாமல் முடிந்தால் கவலையில்லை. முடியவில்லை என்றால் மேடையில் ஒட்டி நிற்கும் ஊர்கள் உள்ள பயணமாகத் தேடுங்கள். கடல் சரியில்லை என்றால் பாறைக்குப் படகு நிறுத்துவது போலவே, அங்கேயும் இறங்காமல் போய்விடுவார்கள். லட்சத்தீவு என்று ஆசையாகக் காசு கட்டிவிட்டுத் தீவைத் தூரத்தில் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

எங்களுக்குப் பிடித்தது பினாங்கு. கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் மேடையிலேயே நின்றது. டூர் எதுவும் எடுக்காமல் நடந்தோம். குட்டி இந்தியா பக்கம்தான். 1833-ல் கட்டிய மாரியம்மன் கோவில் அங்கே இருக்கிறது, கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். "கோலாலம்பூர்" என்று பயணத் திட்டத்தில் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தில். ஊருக்குள் போகவே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

கப்பல்காரர்கள் நடத்தும் டூர் விலை அதிகம், ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் கப்பல் போய்விடும். பக்கத்தில் இருப்பதை நாமே நடந்து பார்ப்பது, தூரமானதற்குக் கப்பல் டூர் என்று வைத்துக்கொண்டோம். கைக்கடிகாரத்தில் எப்போதும் கப்பல் நேரம் இருக்கட்டும்.

போனை ஏறியவுடனே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த டவர் பிடித்துக்கொள்ளும், நாம் போட்ட ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. ஒரு வாட்ஸப் வீடியோ இறங்கினாலே பில் கண்ணைக் கட்டும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்கணும், கப்பலில் போய்த் திரும்புவது மறு நுழைவு. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி, மின்கெட்டில் எடுத்துப் போனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கருவாட்டைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு: வேண்டாம். கப்பலிலும் விட மாட்டார்கள், துறைமுகச் சுங்கத்திலும் விட மாட்டார்கள். பாக்கெட்டில் அடைத்த ஏத்தங்காய் வற்றல் போதும்.

சாப்பாடு பற்றிக் கேட்டால், இந்தியச் சைவம் நன்றாகவே கிடைக்கும். ஆனால் வட இந்தியக் கை. சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன் குழம்பும் நாலு நாள் மறந்துவிட வேண்டியதுதான்.

வடசேரி_டீச்சர்

நேற்றுக் கன்னியாகுமரி போய்ப் படகு ஏறிப் பார்த்தோம். ஏறும்போது சரி, இறங்கும்போது படகுக்காரத் தம்பி கை கொடுக்க வேண்டியிருந்தது. லட்சத்தீவை விட்டுவிட்டோம். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம், அங்கிருந்து பினாங்கு போய்வரும் பயணம். சீனப் புத்தாண்டு கழிந்து, மார்ச் விடுமுறைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை கிளம்புவதாகப் பார்த்திருக்கிறோம். நடுக்கப்பல், கீழ்த்தட்டு, எண் போட்ட அறை. "எல்லாம் அடங்கும்" டிராவல்ஸிடம் ஆடிட்டர் சார் சொன்னதை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளாகப் போன் வரவில்லை. வேறு இடத்தில் எழுத்தில் வாங்கிவிட்டேன். சேவைக் கட்டணமும் முன்கூட்டிக் கட்டியாச்சு.

கருங்கல் அக்கா, உங்களுக்குச் சம்மதமென்றால் அதே தட்டில் உள்ளறை ஒன்று காலியாக இருக்கிறது. சாப்பாட்டு மேசை மூன்று பேருக்குச் சொல்லிவிடலாம்.

கருங்கல்_அக்கா

டீச்சர், சம்மதம். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், செல்லும். மகளிடம் டிக்கெட் எடுத்த பிறகு சொல்லிக்கொள்கிறேன். ஏஜென்ட் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

வடசேரி_டீச்சர்

அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று ஸ்டீவர்டு தம்பியிடம்: என் வீட்டுக்காரர் பேண்ட்டைப் பென்ஷனோடு விட்டவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேட்டியில் விடுவார்களா?

மார்த்தாண்டம்_ஸ்டீவர்டு

வேட்டி சட்டையோடு தாராளமாக வரலாம், அலங்கார உடை ராத்திரியிலும்கூட. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும்தான் பெரிய உணவகத்தில் ஆகாது. மேல்தட்டில் காற்று கண்டபடி அடிக்கும் டீச்சர், ஒட்டிக்கோ வேட்டியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.